கல்லூரி வளாகத்துக்குத் தண்ணீர்: லாரியா, மழையா, கழிவுநீரா?

2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று சென்னைக்குத் தண்ணீர் தரும் நான்கு ஏரிகளும் வற்றிக் கிடந்தன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் சில ஐ.டி. நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னதும் அப்போதுதான். விடுதி நடத்தும் கல்லூரியால் அப்படிச் சொல்ல முடியாது. பிள்ளைகள் அங்கேதான் தூங்கி எழுகிறார்கள். காலை ஆறு மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்தாக வேண்டும்.

அதற்குப் பிறகு நல்ல மழை பெய்த வருடங்கள் வந்தன, பேச்சு அடங்கியது. ஆனால் சென்னைப் புறநகர்க் கல்லூரிகளில் ஒவ்வொரு கோடையிலும் நிர்வாகக் கூட்டத்தில் அதே நான்கு யோசனைகள் மேசைக்கு வருகின்றன. லாரியைக் கூட்டு, இன்னொரு போர்வெல் போடு, மழைநீர்த் தொட்டி கட்டு, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் (எஸ்.டி.பி.) வை. நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எது எந்த வளாகத்துக்குப் பொருந்தும் என்று சொல்வதுதான் இந்தக் கட்டுரை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தண்ணீரில் பெரிய கையிருப்பு விடுதியின் கழிவுநீர்தான். ஆனால் அதை எந்த முறையில் சுத்திகரிப்பது என்பதை இயந்திரத்தின் விலையை வைத்து முடிவு செய்யக் கூடாது. மே மாதத்தில் வளாகம் காலியாகும்போது அது என்ன ஆகும், அதை யார் இறங்கிச் சுத்தம் செய்வார் என்ற இரண்டு கேள்விகளை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் ஒரு கணக்கு. விடுதியில் 3,000 பேர், வெளியிலிருந்து வந்துபோகிறவர்கள் 2,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். இந்தியத் தர நிர்ணயப்படி விடுதியில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், பகல் நேரக் கல்லூரிக்கு ஆளுக்கு 45 லிட்டர். கூட்டினால் சுமார் 5 லட்சம் லிட்டர். தோட்டம் தனி. ஐந்து ஏக்கர் புல்வெளியும் செடிகொடியும் இருந்தால் கோடையில் அதற்கே ஒரு லட்சம் லிட்டர் போகும். ஆக 6 லட்சம். வீட்டுப் பயன்பாட்டுக்குப் போன நீரில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பி வரும் என்பது பொறியாளர்கள் வழக்கமாகக் கொள்ளும் அளவு. அப்படியானால் தினமும் 4 லட்சம் லிட்டர் உங்கள் வளாகத்திலிருந்தே வெளியேறுகிறது.

லாரியும் போர்வெல்லும்

இதை நீட்டிப் பேச வேண்டியதில்லை. 12,000 லிட்டர் லாரி என்றால் 5 லட்சத்துக்கு நாற்பதுக்கு மேல் லாரி வேண்டும். பாதித் தேவைக்கு என்றாலும் பகல் முழுக்க வளாகத்துக்குள் லாரி வந்துகொண்டே இருக்கும். அந்தத் தண்ணீரும் வானத்திலிருந்து வருவதில்லை. பக்கத்துக் கிராமத்து விவசாயக் கிணற்றிலிருந்தோ போரிலிருந்தோ உறிஞ்சியதுதான். வறட்சி வந்தால் அந்தக் கிணறும் வற்றும், விலை ஏறும், ஊர்க்காரர்கள் சாலையில் உட்கார்ந்து லாரியை மறிப்பார்கள். அவர்கள் மறிப்பது நியாயம்தான்.

போர்வெல்லுக்கு மண் பதில் சொல்லும். பல்லாவரம், தாம்பரம் பக்கம் அடியில் கடினமான சார்னோக்கைட் பாறை. வெடிப்பில் தண்ணீர் கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் ஆயிரம் அடி போனாலும் தூசிதான் பறக்கும். கடற்கரையோர மணலில் தண்ணீர் கிடைக்கும், ஆனால் அதிகம் உறிஞ்சினால் கடல்நீர் உள்ளே வரும். வடசென்னைக்கு அப்பால் மீஞ்சூர் பகுதியில் அது நடந்தே விட்டது. அவசரத்துக்கு லாரி இருக்கட்டும், இருக்கிற போர்கள் இருக்கட்டும். புதிய பணத்தை இவற்றில் போடாதீர்கள்.

யாரும் மேசைக்குக் கொண்டுவராத ஐந்தாவது யோசனை

நிர்வாகக் கூட்டத்தில் யாரும் பேசாத ஒன்று தண்ணீரை அளக்கும் மீட்டர். பெரும்பாலான வளாகங்களில் போர்வெல் வாயில் ஒரு மீட்டர்கூடக் கிடையாது. எத்தனை மணி நேரம் மோட்டார் ஓடியது என்பதை வைத்துத்தான் கணக்கு. விடுதிக்கு எவ்வளவு, மெஸ்ஸுக்கு எவ்வளவு, தோட்டத்துக்கு எவ்வளவு என்று தெரியாமல் கோடிக்கணக்கில் ஒரு நிலையத்துக்கு டெண்டர் விடுகிறார்கள்.

அதிகாலையில் விடுதி மொட்டை மாடியைக் கீழிருந்து பாருங்கள். தொட்டி நிறைந்து, வழியும் குழாயிலிருந்து சுவரோரமாகத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும். மோட்டாரைப் போட்டவர் அடுத்த கட்டடத்து மோட்டாரைப் போடப் போயிருப்பார். நிமிடத்துக்கு 200 லிட்டர் ஏற்றும் மோட்டார் அரை மணி நேரம் கூடுதலாக ஓடினால் 6,000 லிட்டர், அதாவது பாதி லாரித் தண்ணீர். அந்தச் சுவரில் பச்சைப் பாசி படிந்த கோடு இருந்தால் அது வருடக்கணக்காக நடக்கிறது என்று அர்த்தம். தொட்டி நிறைந்ததும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் மிதவை சுவிட்சின் விலை சில நூறு ரூபாய்.

விடுதிக் குழாய்களில் நீரைக் காற்றோடு கலந்து தரும் சிறு சல்லடை மூடியைப் பொருத்தினால் கை கழுவும் நீர் பாதிக்கு மேல் குறையும். பழைய 10 லிட்டர் ஃப்ளஷ் தொட்டிகளை 6/3 லிட்டர் இரட்டைப் பொத்தான் தொட்டிகளாக மாற்றலாம். விநாடிக்கு ஒரு சொட்டு ஒழுகும் குழாய் நாளைக்கு 20, 30 லிட்டரை வீணாக்கும். ஐந்நூறு குழாய் இருக்கும் விடுதியில் பத்தில் ஒன்று ஒழுகினாலே ஆயிரம் லிட்டருக்கு மேல். இதற்கு வேண்டியது வாஷர் மாற்ற ஒரு ப்ளம்பரும், புகாரை அன்றைக்கே எடுக்கும் ஒரு வார்டனும்தான். வேறு எதைத் தேர்ந்தெடுத்தாலும் இதை முதலில் செய்யுங்கள். ஏனென்றால் இதைச் செய்த பிறகுதான் உங்களுக்கு 4 லட்சம் லிட்டருக்கான நிலையம் வேண்டுமா, மூன்றரை லட்சம் லிட்டருக்கானது போதுமா என்பதே தெரியும்.

மழை

தமிழ்நாட்டில் 2003இலேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாகிவிட்டது. அதனால் எல்லாக் கல்லூரியிலும் குழி இருக்கும். உள்ளே பார்த்தால் பல இடங்களில் சருகும் சேறும் தூர்ந்து கிடக்கும்.

சென்னைக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 1,400 மி.மீ. மழை. மொத்தம் 20,000 சதுர மீட்டர் மொட்டை மாடி உள்ள வளாகத்தில், ஆவியாவதும் வழிவதும் போக 80 சதவீதம் பிடித்தால் 2 கோடியே 24 லட்சம் லிட்டர். கேட்கப் பெரிதாக இருக்கிறது. நாளைக்கு 5 லட்சம் என்று வகுத்தால் 45 நாள் தேவை. அதே வளாகத்தின் கழிவுநீர், விடுமுறை போக 300 நாளில் 12 கோடி லிட்டர். கூரை மழையைப் போல் ஐந்து மடங்கு.

இன்னொரு சிக்கல், அந்த மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. ஒரே நாளில் 100 மி.மீ. பெய்தால் அந்த மாடிகளிலிருந்து 16 லட்சம் லிட்டர் இறங்கும். அதைப் பிடிக்கும் அளவுக்கு சம்ப் கட்டினால் வருடத்தில் ஒன்பது மாதம் அது காலியாக நிற்கும். அதனால் மழையைத் தொட்டியில் பிடிப்பதைவிடத் தரைக்குள் அனுப்புவதுதான் பெரும்பாலும் சரி. இங்கேயும் மண்ணைப் பார்க்க வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையோர மணலில் ஒரு உறைகிணறு தோண்டினால் மழைநீர் மளமளவென்று உள்ளே போகும். பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய களிமண்ணில் அதே கிணறு நிறைந்து நின்று கொசு வளர்க்கும். அங்கே குளம் வெட்டுவது மேல், அல்லது களிமண்ணைத் தாண்டி மணல் படுகை வரை துளை இறக்க வேண்டும். பாறைப் பகுதியில் ஏற்கெனவே வற்றிப்போன போர்வெல்லையே வடிகட்டி வைத்து நிரப்புகிணறாக மாற்றலாம். தண்ணீர் வந்த வெடிப்பு வழியாகத்தானே போகவும் முடியும்.

வளாகத்தில் பழைய ஏரியோ குட்டையோ இருந்தால் அதில் கட்டடம் கட்டாமல் விட்டாலே பாதி வேலை முடிந்தது. விளையாட்டு மைதானத்துக்காக வரத்துக்கால்வாயை மூடிவிட்டு, பிறகு மழைநீர் சேகரிப்புக்கு விருது வாங்கும் வளாகங்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

கழிவுநீர்: மூன்று வழிகள், இரண்டு கேள்விகள்

விற்பனையாளர்கள் கொண்டுவரும் வரைபடங்கள் எல்லாம் வேறு வேறு மாதிரி இருந்தாலும் ஒரு கல்லூரி முன்னால் உள்ள வழிகள் மூன்றுதான்.

முதலாவது, காற்றூட்டி நுண்ணுயிர்களை வளர்த்துக் கழிவைத் தின்ன வைக்கும் வழக்கமான நிலையம். ஒரே தொட்டியில் காற்றூட்டி, நிறுத்தி, தெளியவிட்டு, மேல் நீரை வடிப்பதை எஸ்.பி.ஆர். என்பார்கள். பிளாஸ்டிக் வில்லைகளை மிதக்கவிட்டு அவற்றின் மேல் நுண்ணுயிரைப் படரவிடுவது எம்.பி.பி.ஆர். இரண்டாவது, அதே முறையோடு நுண்துளைச் சவ்வைச் சேர்த்து வடிகட்டும் எம்.பி.ஆர். வெளிவரும் நீர் கண்ணாடி போல் இருக்கும், இடமும் குறைவு. ஆனால் ஆயிரம் லிட்டருக்கு ஒரு யூனிட்டுக்கு முன்பின்னாக மின்சாரம் தின்னும். 4 லட்சம் லிட்டருக்கு நாளைக்கு 400 யூனிட். சில வருடங்களுக்கு ஒருமுறை சவ்வை மாற்ற வேண்டும், அந்தச் செலவு பட்ஜெட் போடும்போது யாருக்கும் நினைவில் இருக்காது. மூன்றாவது, மின்சாரம் அதிகம் கேட்காத வழி. மூடிய தொட்டிகளில் கழிவைத் தெளியவிட்டு, தடுப்புச் சுவர்களுக்கு இடையே மேலும் கீழுமாக ஓடவிட்டு, கடைசியில் ஜல்லி நிரப்பிய படுகையில் கல்வாழையும் நாணலும் நட்டு, வேர்களின் ஊடே வடியவிடுவது. ஆரோவில்லில் இந்த மாதிரி அமைப்புகள் பல வருடங்களாக ஓடுகின்றன. இதற்கு நிலம் வேண்டும். நம் கணக்குக்கு அரை ஏக்கரிலிருந்து ஒரு ஏக்கர் வரை.

இப்போது அந்த மே மாதக் கேள்வி. காற்றூட்டும் நிலையம் கறவை மாடு மாதிரி. தீனியை நிறுத்திவிட்டுப் பாலை எதிர்பார்க்க முடியாது. தேர்வு முடிந்து பிள்ளைகள் ஊருக்குப் போனதும் கழிவுநீர் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். நுண்ணுயிர்கள் பட்டினியில் சாகும். செலவு மிச்சம் என்று காற்றை ஊதும் ப்ளோயரையும் நிறுத்திவிடுவார்கள். ஜூலையில் மூவாயிரம் பேரும் ஒரே வாரத்தில் திரும்பி வரும்போது தொட்டியில் வேலை செய்ய ஆளில்லை. வாரக்கணக்கில் நாற்றமடிக்கும் நீர் வெளியே வரும், மாணவர்கள் "எஸ்.டி.பி. தண்ணியா, வேண்டவே வேண்டாம்" என்று முடிவு செய்துவிடுவார்கள். அந்தப் பெயர் ஒருமுறை விழுந்தால் திருத்துவது கடினம்.

நிலையம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஆய்வகமே தேவையில்லை. காற்றூட்டும் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் கண்ணாடிக் குவளையில் எடுத்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். நல்ல சேறு, அதாவது நுண்ணுயிர்த் திரள், செம்மண் கலந்த காப்பி நிறத்தில், மழை பெய்த மண் வாசனையோடு, மெல்ல இறங்கி அடியில் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு அளவில் நிற்கும். மேலே தெளிந்த நீர். கறுப்பாக இருந்து அழுகல் வாடை அடித்தால் காற்று போதவில்லை. அரை மணி கழித்தும் இறங்காமல் பஞ்சு போல் மிதந்தால் வேறு கோளாறு. ஆபரேட்டர் இதைத் தினமும் செய்து நோட்டில் எழுதுகிறாரா என்று பார்த்தாலே ஒரு வளாகத்தின் நிலையத்தைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

மே மாதச் சோதனையில் கல்வாழைப் படுகை நன்றாகத் தேறும். வரத்து குறைந்தால் சும்மா இருக்கும், கூடினால் மறுபடி வேலை செய்யும். எஸ்.பி.ஆர். தான் வேண்டும் என்றால் ஒரே பெரிய தொட்டியாகக் கட்டாமல் பாதிப் பாதியாக இரண்டு வரிசை கட்டுங்கள். விடுமுறையில் ஒன்றை மட்டும் ஓட்டி அதன் சேற்றை உயிரோடு வைத்திருந்தால் ஜூலையில் இரண்டாவதுக்கு விதை கிடைக்கும். மூன்றில் எம்.பி.ஆர். தான் விடுமுறைக்கு மிகவும் மோசம். சவ்வு காய்ந்தால் போச்சு.

இரண்டாவது கேள்வி மனிதரைப் பற்றியது. மூன்று வழியிலும் ஏதோ ஒரு தொட்டியில் மலச்சேறு சேரும். எந்திரம் இல்லாமல், பாதுகாப்பு இல்லாமல் ஒருவரை அந்தத் தொட்டிக்குள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. இருந்தும் தமிழ்நாட்டில் விஷவாயுவில் மனிதர்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள். மூடிய தொட்டிகள் அதிகம் உள்ள மூன்றாவது வழியைப் புகழ்கிற நானே இதையும் சொல்ல வேண்டும்: ஆபத்து அங்கேதான் அதிகம். அதனால் வரைபடத்திலேயே கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு அறைக்கும் மேலே திறப்பு, அடைப்பை வெளியிலிருந்தே பார்க்கவும் எடுக்கவும் வழி, சேறு உறிஞ்சும் லாரி பக்கத்தில் வந்து நிற்கச் சாலை. வரைபடத்தில் அந்தச் சாலை இல்லையென்றால் அந்தத் திட்டத்தை நிராகரியுங்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

தண்ணீர் எங்கே போகும்

சுத்திகரித்த நீரைக் கழிவறைக்கு அனுப்புவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். கணக்கும் அதையே சொல்கிறது: விடுதிக்காரருக்கு 45 லிட்டர், வந்துபோகிறவருக்கு 20 லிட்டர் என்று 1.75 லட்சம் லிட்டர். ஆனால் பழைய விடுதிகளில் ஒரே குழாய்தான் மாடியிலிருந்து இறங்குகிறது. அதிலிருந்துதான் ஃப்ளஷ்ஷும் ஷவரும். ஃப்ளஷ்ஷுக்குத் தனிக் குழாய் இழுக்கச் சுவரை உடைக்க வேண்டும், அந்தச் செலவு நிலையத்தின் செலவையே தொட்டுவிடலாம். நம் ஊரில் வாளியும் மக்கும் வைத்துப் புழங்கும் கழிவறைகளில் அதே குழாயில் கால் கழுவுவார்கள். அதனால் நுண்ணுயிர் விஷயத்தில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க முடியாது. மணல் வடிகட்டியும் குளோரினும் கட்டாயம். நல்ல நீர்க் குழாயோடு எங்கும் தவறி இணைந்துவிடாதபடி நிறம் மாற்றிய குழாயும் கட்டாயம்.

அமெரிக்காவில் அட்லாண்டா நகரில் உள்ள எமரி பல்கலைக்கழகம் 2015இல் வளாகத்துக்குள்ளேயே ஒரு மறுசுழற்சி நிலையம் திறந்தது. கண்ணாடிக் கூரைக்குள் செடிகளின் வேர்களைத் தொட்டியில் தொங்கவிட்டு நுண்ணுயிரை வளர்க்கும் முறை. நாளைக்கு 4 லட்சம் கேலன், அதாவது ஏறக்குறைய 15 லட்சம் லிட்டர் சுத்திகரிக்கும் அளவு. அவர்கள் அந்த நீரில் பெரும்பகுதியை நீராவி, குளிரூட்டும் நிலையங்களுக்கு அனுப்பினார்கள். மிகவும் புத்திசாலித்தனமான முடிவு. நூற்றுக்கணக்கான கழிவறைகளுக்குக் குழாய் இழுப்பதைவிட, ஒரே இடத்தில் லட்சக்கணக்கில் குடிக்கும் இரண்டு மூன்று பெரிய வாடிக்கையாளர்களுக்கு இழுப்பது எளிது. நம் வளாகங்களிலும் நூலகம், அரங்கம், ஆய்வகம் இவற்றுக்கு மையக் குளிரூட்டி இருந்தால் அதன் சூடான நீரை ஆற்றும் கூலிங் டவரை முதல் வாடிக்கையாளராக வைக்கலாம். கழிவுநீரை விலைகொடுத்து வாங்க ஆள் உண்டா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு: சென்னையிலேயே கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளைக்குத் தலா 4.5 கோடி லிட்டர் கொள்ளளவுள்ள நிலையங்களில் கழிவுநீரை ஆர்.ஓ. என்னும் சவ்வு வடிகட்டல் வரை சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு விற்கிறார்கள்.

கூலிங் டவருக்குப் போகும்போது உப்பைக் கவனிக்க வேண்டும். ஒருமுறை புழங்கிய நீரில் லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை உப்பு கூடும். நுண்ணுயிர் உப்பைத் தின்னாது. உங்கள் போர் நீரிலேயே டி.டி.எஸ். (கரைந்துள்ள உப்பின் அளவு) 1,500 என்றால் சுத்திகரித்த நீர் 1,800ஐத் தொடும். விடுதி ஆர்.ஓ. எந்திரம் கழித்து ஊற்றும் நீரையும் சாக்கடையில் விட்டால் இன்னும் ஏறும். அந்தக் கழிவை நிலையத்துக்குள் விடாமல் தரை துடைக்கத் தனியாகப் பிடியுங்கள். ஏ.சி. சொட்டும் நீரில் உப்பே இல்லை, அதைத் தாராளமாகச் சேர்க்கலாம். மெஸ் கழிவுநீரில் எண்ணெய் மிதக்கும். எண்ணெயைத் தனியே பிடிக்கும் தொட்டி வைத்து வாரம் ஒருமுறை வழித்தெடுக்காவிட்டால் மேலே சொன்ன எந்த வழியும் உருப்படாது.

தோட்டத்துக்கு விடுவதுதான் எளிது, குழாய்ச் செலவும் குறைவு. ஆனால் தோட்டம் அதிகம் கேட்பது மே மாதத்தில், கழிவுநீர் இல்லாத மாதத்தில். புல்வெளியைக் குறைத்து வேம்பு, புங்கன், பூவரசு என்று வறட்சி தாங்கும் மரங்களுக்கு மாறாத வளாகம், நிலையம் கட்டிய பிறகும் மே மாதத்தில் புல்லுக்காக லாரி அழைக்கும்.

என் தேர்வு

ஒரு ஏக்கர் நிலம் உள்ள, பாறையோ களிமண்ணோ கொண்ட புறநகர் வளாகத்துக்குக் கல்வாழைப் படுகை. நிலமில்லாத நகர வளாகத்துக்கு இரண்டு வரிசை எஸ்.பி.ஆர். எம்.பி.ஆரை, மருத்துவமனை இணைந்த மருத்துவக் கல்லூரி போல வருடம் முழுக்கக் கழிவுநீர் நிற்காத, கூலிங் டவரும் உள்ள வளாகங்களுக்கு மட்டும் சிபாரிசு செய்வேன். கடற்கரை மணல் வளாகத்தில் மழைநீரை நிரப்புவதற்கு முதலிடம் தரலாம், மற்ற இடங்களில் அது துணைதான். புதிய விடுதி கட்டும்போது ஃப்ளஷ்ஷுக்குத் தனிக் குழாயை முதல் நாளே போட்டுவிடுங்கள். பழைய விடுதியை உடைக்க வேண்டாம். கூலிங் டவரும் தோட்டமும் முதலில்.

டெண்டரில் நிலையத்தைக் கட்டும் விலையை மட்டும் கேட்காதீர்கள். கட்டியவரே ஐந்து வருடம் ஓட்ட வேண்டும், தரம் குறைந்த நாளுக்குப் பணம் கிடையாது என்று சேர்த்துக் கேளுங்கள். கட்டடப் பணம் ஒரு தலைப்பிலும் ஆபரேட்டர் சம்பளம் வேறொரு தலைப்பிலும் வருவதால்தான் பல நிலையங்கள் திறப்பு விழாவோடு துருப்பிடிக்கின்றன. எமரியில் நிலையத்துக்கான முதலீட்டை வெளி நிறுவனம் போட்டது, பல்கலைக்கழகம் தண்ணீருக்கு மட்டும் பணம் கொடுக்கும் நீண்ட கால ஒப்பந்தம் செய்தது. நம் கல்லூரிகள் அந்த மாதிரியையும் பரிசீலிக்கலாம்.

நாள் குறிப்பதும் முக்கியம். மீட்டர் பொருத்துவதை இந்தப் பருவத்திலேயே முடித்து, ஒரு முழுக் கல்வியாண்டின் அளவைக் கையில் வைத்துக்கொண்டு டெண்டருக்குப் போங்கள். கட்டுமானத்தை மே, ஜூனில் முடியுங்கள், வளாகம் காலியாக இருக்கும்போது பள்ளம் தோண்டுவது எளிது. நிலையத்தை ஓட்டத் தொடங்குவது ஜூலையில், பிள்ளைகள் வந்த பிறகு. நிரப்புகிணறுகளைத் தூர்வாருவது செப்டம்பரில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால்.